புலன் தொல்லைகளோடு அன்றாடத்தை ஓட்டுவது: ஆட்டிசம் என்று இப்போதுதான் தெரிந்தவர்களுக்கு

எனக்கு ஆட்டிசம் என்று உறுதியானபோது வயது முப்பதைத் தாண்டியிருந்தது. அந்த வாரமே கடைக்கு ஓடினேன். சத்தத்தை அடக்கும் ஹெட்போன், கனமான போர்வை, கறுப்புக் கண்ணாடி, கையில் வைத்து உருட்ட நாலைந்து சாமான்கள் என்று வாங்கிக் குவித்தேன். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் பாதி அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது. கறுப்புக் கண்ணாடி கண் கூச்சத்தைக் கூட்டியே விட்டிருந்தது. பொருட்களைக் குறை சொல்ல மாட்டேன். வரிசையைத்தான் தலைகீழாகப் பிடித்துவிட்டேன்.

அந்த வரிசையை நேராக்கிக் கீழே எழுதியிருக்கிறேன். சத்தம், வெளிச்சம், தொடுகை, வாசனை போன்றவை தாங்க முடியாமல் போவதைத்தான் புலன் தொல்லை என்கிறேன். பெரியவர்களை மனதில் வைத்து எழுதியது. குழந்தைக்காகப் படிப்பவர்கள், நோட்டு எழுதும் வேலையை மட்டும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

1. இரண்டு வாரம் எதையும் வாங்காதீர்கள், எழுதுங்கள்

செலவு: ஒரு நோட்டு. செயலியெல்லாம் வேண்டாம்.

"இதற்கு மேல் தாங்காது" என்று தோன்றிய ஒவ்வொரு முறையும் ஏழு விஷயம் குறியுங்கள்: மணி, இடம், எது தாக்கியது, முந்தைய இரவு எத்தனை மணி நேரத் தூக்கம், கடைசியாகச் சாப்பிட்டது எப்போது, என்ன செய்து தப்பித்தீர்கள், பழைய நிலைக்கு வர எவ்வளவு நேரம் ஆனது. நடக்கும்போதே எழுத வராது. அன்று படுக்கப் போவதற்குள் எழுதினால் போதும். மறுநாளுக்குத் தள்ளினால் பாதி மறந்துவிடும்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. கடைசியாக நடந்ததையே காரணம் என்று எழுதிவிடுவோம். பக்கத்து மேசைக்காரர் நாற்காலியை இழுக்கும் சத்தம்தான் என் எதிரி என்று ஒரு வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். நோட்டு வேறு கதை சொன்னது. அந்த இரண்டு வாரத்தில் ஒன்பது தடவை நொறுங்கியிருந்தேன். அதில் ஏழு, மாலை 4 மணிக்கும் 6 மணிக்கும் நடுவில். ஏழு நாளும் மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டிருந்தேன். அதே நாற்காலி காலை 10 மணிக்கும் இழுபட்டிருக்கிறது. அப்போது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. காலையிலிருந்து சேர்ந்த சுமையின் மேல் கடைசியாக வந்து உட்கார்ந்த சத்தம் அது, அவ்வளவுதான்.

எது இதமாக இருந்தது என்பதையும் தனியாக எழுதுங்கள். இறுக்கமான போர்வை, ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்பது, முன்னும் பின்னும் ஆடுவது, எதுவாக இருந்தாலும் சரி. சில புலன்கள் அளவுக்கு மீறிக் கூர்மையாக இருக்கும், சில மந்தமாக இருக்கும். ஒரே ஆளிடம் இரண்டும் இருக்கலாம். 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 என்ற மனநல மருத்துவக் கையேடு இந்த இரண்டையுமே ஆட்டிசத்தின் அடையாளங்களில் சேர்த்திருக்கிறது. "இதற்கும் ஆட்டிசத்துக்கும் என்ன சம்பந்தம்" என்று யாராவது கேட்டால் இந்த ஒரு வரி போதும்.

2. உடம்புக்குள்ளிருந்து வரும் செய்திகளுக்கு மணி வையுங்கள்

சத்தம், வெளிச்சம் பற்றி எல்லோரும் பேசுவார்கள். பசி, தாகம், சிறுநீர், களைப்பு, வலி, சூடு, குளிர் ஆகியவற்றை உள்ளிருந்து சொல்லும் புலன் ஒன்று இருப்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. ஆட்டிசம் உள்ள பலருக்கு அது தாமதமாகவோ குழப்பமாகவோ வேலை செய்கிறது. எனக்குப் பசி பசியாகவே வராது. எரிச்சலாக வரும், அல்லது எதிரில் இருப்பவரின் குரல் திடீரென்று சகிக்காமல் போகும்.

உணர்ந்த பிறகு செய்வது என்பதை விட்டுவிட்டு நேரம் பார்த்துச் செய்யுங்கள். சாப்பாட்டுக்கு நிலையான நேரம். விழித்திருக்கும்போது இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கழிவறையும் ஒரு டம்ளர் தண்ணீரும், தோன்றினாலும் தோன்றாவிட்டாலும். உடையை வெளியே எத்தனை டிகிரி என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். எனக்கு வியர்த்துக் கொட்டிய பிறகுதான் சூடே தெரியும்.

மணி வைத்த முதல் வாரம் ஒவ்வொன்றையும் அணைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். அந்த ஒலியே என்னைத் தூக்கிவாரிப் போட்டது வேறு. அதிர்வுக்கு மாற்றி, கூடவே எழுந்து நின்றால் மட்டுமே அணைக்கலாம் என்று எனக்கே ஒரு விதி போட்ட பிறகு படிந்தது. முழுதாகப் பழக ஒரு மாதம் ஆனது. என்னைக் கேட்டால் இந்தக் கட்டுரையில் அதிகப் பலன் தரும் படி இதுதான், காசும் ஆகாது. கவர்ச்சி இல்லாததால் யாரும் செய்வதில்லை.

3. ஒருமுறை மருத்துவரைப் பாருங்கள், நோட்டோடு

எல்லாவற்றையும் ஆட்டிசத்தின் தலையில் போட்டுவிடக் கூடாது. காதில் அடைத்த அழுக்கு, ஒற்றைத் தலைவலி, பல் சொத்தை, மலச்சிக்கல், புதிதாக மாற்றிய மாத்திரை என்று எது வேண்டுமானாலும் புலன் கூச்சத்தைக் கூட்டும். மலச்சிக்கலும் வயிற்று உபாதையும் ஆட்டிசம் உள்ளவர்களிடம் அதிகம். வலிப்பு நோயும் மற்றவர்களைவிட அதிகம். ஆகவே நடுநடுவே நினைவு அறுந்து வெறித்துப் பார்ப்பதாக வீட்டில் யாராவது சொன்னால் அதை அவசியம் சொல்லுங்கள்.

போன மாதம் வரை தாங்கிய விஷயம் இந்த மாதம் தாங்கவில்லை என்றால், பொருள் வாங்குவதற்கு முன் மருத்துவரிடம் போக வேண்டும். வார்த்தையில் சொல்லத் தெரியாத குழந்தைக்கு இது இன்னும் முக்கியம். திடீரென்று காதைப் பொத்துவதும் தலையை அடித்துக்கொள்வதும் காது வலியாகவோ பல் வலியாகவோ இருக்கலாம்.

கையில் கொண்டுபோக வேண்டியவை: நோட்டிலிருந்து எடுத்த ஒரு பக்கச் சுருக்கம், சாப்பிடும் எல்லா மருந்துகளின் பட்டியல், "எனக்கு வலி சரியாகத் தெரியாது, முகத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்" என்ற ஒரு வரி. கடைசியில் சொன்னதை எழுதியே கொடுங்கள். வலியோடு சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததால் என்னை ஒருமுறை சும்மா திருப்பி அனுப்பினார்கள். நாளின் முதல் நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். காத்திருக்கும் கூடத்தில் அப்போது கூட்டம் குறைவு.

4. சத்தம்: கருவிக்கு முன் இடத்தை மாற்றுங்கள்

சத்தத்தை அது பிறக்கும் இடத்திலேயே குறைப்பதுதான் மலிவு. நாற்காலிக் கால்களுக்கு ஒட்டும் துணி வட்டம், தரைக்கு விரிப்பு, வெற்றுச் சுவருக்குத் தடித்த திரை. முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கும்படி உட்காருங்கள். பின்னாலிருந்து வரும் எதிர்பாராத சத்தம் குறைந்தாலே பாதி நிம்மதி.

அப்புறம் கருவி. ஒவ்வொன்றும் ஒரு வேலைக்குத்தான் லாயக்கு.

காதுக்குள் செருகும் ஃபோம் (நுரைப்பஞ்சு) இயர்பிளக் மிக மலிவு. ஆய்வகத்தில் 30 டெசிபல் அளவுக்குக் குறைப்பவை உண்டு. ஆனால் சரியாகப் போடாவிட்டால் அதில் பாதி கூடக் கிடைக்காது. மெல்லிய குச்சியாக உருட்டி, மறு கையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே வைத்து, விரியும் வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். நான் இரண்டு வருடம் அதைக் காது வாசலில் சும்மா செருகிக்கொண்டு "இது வேலை செய்யாது" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

வடிகட்டி வைத்த இயர்பிளக் எல்லாச் சத்தத்தையும் கொஞ்சம் கொஞ்சம் தணிக்கும், பேச்சு புரியும். அலுவலகத்துக்கும் விசேஷ வீட்டுக்கும் இது. விலை நடுத்தரம்.

காதை முழுதாக மூடும் ஓசைத் தடுப்பு, அதாவது பட்டறைகளில் போடுகிறார்களே அது, திடீர்ச் சத்தங்களுக்கு நல்லது. தலையை இறுக்கும், வேர்க்கும். மின்சாரம் வேண்டாம்.

நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன்தான் விலை அதிகம். விசிறி, இஞ்சின், ஏசி போன்ற ஒரே சீரான இரைச்சலை அருமையாக விழுங்கிவிடும். குழந்தை அழுகை, பாத்திரம் விழுவது, நாய் குரைப்பது இவற்றிடம் அவ்வளவாக எடுபடாது. உங்கள் நோட்டில் அழுகையும் பாத்திரமும்தான் அதிகம் என்றால் இதற்குக் காசு கொட்டாதீர்கள். சிலருக்கு இது காதுக்குள் அழுத்தம் போல ஒரு உணர்வு தரும். திருப்பிக் கொடுக்க வசதி உள்ள இடத்தில் மட்டும் வாங்குங்கள்.

ஓர் எச்சரிக்கை. அமைதியான இடத்திலும் நாள் முழுக்கக் காதை அடைத்து வைத்தால், மூளை கேட்கும் திறனை ஏற்றிவைத்துக்கொள்ளும். கழற்றும்போது சின்னச் சத்தமும் இடியாக விழும். தேவைப்படும் இடத்தில் போடுங்கள், வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிடுங்கள். சாலையைக் கடக்கும்போது இரண்டு காதையும் அடைக்காதீர்கள்.

5. வெளிச்சம்: முதலில் துடிப்பைச் சோதியுங்கள்

வெளிச்சம் அதிகமாக இருப்பது ஒரு தொல்லை, துடிப்பது வேறு தொல்லை. பழைய சோக் வைத்த டியூப்லைட், மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் போல இரண்டு மடங்கு, அதாவது நொடிக்கு 100 அல்லது 120 தடவை துடிக்கிறது. கண்ணுக்குத் தனியாகத் தெரியாது, ஆனால் தலைவலியாக வந்து சேரும். மட்டமான எல்இடி விளக்குகளும் அப்படித்தான். போனில் ஸ்லோ மோஷனில் விளக்கைப் படம் பிடியுங்கள். படம் மினுக் மினுக்கென்றோ வரி வரியாகவோ ஓடினால் துடிக்கும் விளக்கு. அதை மாற்றுங்கள், வெளிச்சத்தைக் குறைக்கும் திருகை மாட்டாதீர்கள், அது பெரும்பாலும் துடிப்பைக் கூட்டிவிடும்.

சில போன், கணினித் திரைகளிலும் இதே கதை: வெளிச்சத்தைக் குறைக்கக் குறைக்கத் துடிப்பு அதிகமாகும். அப்படியானால் திரையின் வெளிச்சத்தை ஓரளவு உயர்த்தி வைத்துவிட்டு, பின்னணியைக் கறுப்பாக்கிப் பாருங்கள்.

என் கறுப்புக் கண்ணாடிக் கதைக்கு வருகிறேன். வீட்டுக்குள்ளும் அதைப் போட்டுக்கொண்டே திரிந்தேன். கண் இருட்டுக்குப் பழகி, சாதாரண விளக்கே கூசத் தொடங்கியது. விட்டுவிட்டு மீள மூன்று வாரம் பிடித்தது. உள்ளே இருக்கும்போது முன்பக்கம் நீண்ட தொப்பி போதும்.

6. தொடுகை, உடை, பல் துலக்குதல்

சட்டையின் லேபிளைக் கத்தரிக்காதீர்கள்; மிச்சமிருக்கும் முனை இன்னும் மோசமாகக் குத்தும். தையலைப் பிரித்து முழுதாக எடுங்கள். புதுத் துணியை இரண்டு மூன்று முறை துவைத்த பிறகே போடுங்கள். காலுறையை உள்வெளியாகத் திருப்பிப் போட்டால் தையல் விரலில் உரசாது, யாரும் கவனிக்கவும் மாட்டார்கள். பிடித்த சட்டை கிடைத்தால் ஒரே மாதிரி நாலு வாங்கத் தோன்றும். ஒன்றை ஒரு முழு நாள், வியர்வையோடு, போட்டுப் பார்த்துவிட்டு மற்ற மூன்றை வாங்குங்கள்.

லேசான தொடுகை கூசும், அழுத்தமான தொடுகை இதமாக இருக்கும் என்பது நம்மில் பலருக்கும் உண்டு. முடி வெட்டுபவரிடமும் பல் மருத்துவரிடமும் "தொடும் முன் சொல்லுங்கள், அழுத்தித் தொடுங்கள்" என்று சொல்லிவிட்டால் பெரிய வித்தியாசம். நகத்தைக் குளித்தவுடன் வெட்டுங்கள், மிருதுவாக இருக்கும். பற்பசையின் காரமும் நுரையும்தான் தடை என்றால், சுவையில்லாத, நுரைக்காத வகை கிடைக்கிறது. ஃப்ளூரைடு இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

கனமான போர்வை பற்றிக் கேட்காதவர் இல்லை. ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் நடந்து 2014-இல் வெளியான ஓர் ஆய்வில் தூங்கும் நேரம் கூடவில்லை. ஆனாலும் குழந்தைகளுக்கும் பெற்றோருக்கும் சாதாரணப் போர்வையைவிட அதுதான் பிடித்திருந்தது. இதம் தரலாம், தூக்கத்துக்கு உத்தரவாதம் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். விலையும் கொஞ்சம் அதிகம், ஆகவே இரவல் வாங்கி ஒரு வாரம் பாருங்கள். போர்வையின் கனம் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்பது வழக்கமான கணக்கு. சின்னக் குழந்தைக்கும், தானாக விலக்கத் தெரியாதவருக்கும், மூச்சுத் தொல்லை உள்ளவருக்கும் போர்த்தக் கூடாது.

7. வாசனை, சாப்பாடு

வாசனைக்குச் சுருக்கமாக: வாசனையில்லாத சோப்பு, சலவைத்தூள். அடுத்தவர் சென்ட்டை உங்களால் மாற்ற முடியாது. உட்காரும் இடத்தை மாற்றலாம்.

சாப்பாட்டில் ருசியைவிட வழவழப்பும் மொறுமொறுப்பும்தான் சிக்கல். சாப்பிட முடிகிற பத்துப் பொருளைக் கொண்டு வாழ்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை. பட்டியல் சுருங்கிக்கொண்டே போனாலோ எடை குறைந்தாலோ, இரத்தப் பரிசோதனையும் உணவு ஆலோசகரும் அவசியம். கட்டாயப்படுத்தி ஊட்டினால் அந்தப் பத்திலும் ஒன்று குறையும்.

8. ஒரு நேரத்தில் ஒரே மாற்றம்

இதுவரை படித்ததில் மூன்று நாலைச் செய்யக் கை துறுதுறுக்கும். வேண்டாம். ஒரு மாற்றம், இரண்டு வாரம், நோட்டில் பலன். பிறகு அடுத்தது. நாலைந்தை ஒன்றாகச் செய்தால் எது உதவியது என்று தெரியாது, எதை நிறுத்தலாம் என்றும் தெரியாது. காசில்லாதவை முதலில், மலிவானவை அடுத்து, ஹெட்போனும் போர்வையும் கடைசியில்.

ஒரு நாளின் வேலைகளையும் அப்படியே அடுக்குங்கள். பல் மருத்துவரும் திருமண வீடும் ஒரே நாளில் வேண்டாம். கூட்டமான இடத்தில் இரண்டு மணி நேரம் என்றால், திரும்பி வந்து விளக்கணைத்த அறையில் எனக்கு ஒரு மணி நேரம் வேண்டும். அதையும் நாட்காட்டியில் ஒரு வேலை போலவே எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் யாராவது வந்து அதைத் தின்றுவிடுவார்கள்.

9. மீறிப் போகும் நாளுக்கு ஓர் அட்டை

சுமை மீறும்போது ஒருவர் கத்தலாம், அழலாம், தன்னையே அடித்துக்கொள்ளலாம், அது மெல்ட்டவுன். இன்னொருவர் பேச்சு நின்று உறைந்துபோகலாம், அது ஷட்டவுன். இரண்டுமே அடம் இல்லை. அந்த நேரத்தில் விளக்கம் சொல்ல வாய் வராது, அதனால் முன்கூட்டியே ஓர் அட்டையில் எழுதிப் பையில் வையுங்கள். என்னுடையது இது:

"எனக்கு ஆட்டிசம் உள்ளது. இப்போது என்னால் பேச முடியவில்லை, நீங்கள் சொல்வது கேட்கிறது. தொட வேண்டாம். கேள்வி கேட்க வேண்டாம். அமைதியான இடம் காட்டினால் போதும். அரை மணி நேரத்தில் சரியாகிவிடுவேன்."

ஒரு தொடர்பு எண்ணும் எழுதுங்கள். விமானத்தில் போகிறவர்கள் சூரியகாந்திப் படம் போட்ட கழுத்துப் பட்டையைக் கேட்டுப் பாருங்கள். வெளியே தெரியாத குறைபாடு உள்ளவர்களுக்கானது, பல நாட்டு விமான நிலையங்களில் ஊழியர்களுக்கு அடையாளம் தெரியும். எல்லா இடத்திலும் இல்லை, ஆகவே பயணத்துக்கு முன்பே விசாரியுங்கள்.

10. அலுவலகத்துக்கும் கல்லூரிக்கும் கடிதம்

இதில்தான் நான் அதிக நாட்களை வீணடித்தேன். "எனக்குச் சத்தம் ஒத்துக்கொள்ளாது, ஏதாவது பார்த்துச் செய்யுங்கள்" என்று வாய்வழியாகச் சொன்னேன். தலையாட்டினார்கள், ஒன்றும் நடக்கவில்லை. நோட்டை வைத்து எழுதிக் கொடுத்ததும் எட்டு நாளில் இடம் மாறியது.

கடிதத்தில் நாலு வரி போதும்: எந்தச் சூழல், அதனால் வேலைக்கு என்ன பாதிப்பு, என்ன மாற்றம் வேண்டும், எத்தனை நாள் சோதித்துப் பார்க்கலாம். உதாரணத்துக்கு: "நடைபாதை ஓரத்தில் உட்காரும் நாட்களில் மதியத்துக்குப் பிறகு பிழைகள் கூடுகின்றன. மூலை மேசையும் இயர்பிளக் அணிய அனுமதியும் வேண்டும். ஆறு வாரம் பார்த்துவிட்டுப் பேசலாம்." சோதனைக் காலம் என்று ஒன்று இருந்தால் மேலதிகாரிக்குச் சரி என்று சொல்வது சுலபம்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை (2006), நியாயமான மாற்றங்களைச் செய்ய மறுப்பதையும் பாகுபாடு என்றே வரையறுக்கிறது. நீங்கள் இருக்கும் நாட்டின் சட்டத்தில் இது எந்தப் பெயரில் இருக்கிறது என்று தேடி, அந்தச் சொல்லையே கடிதத்தில் பயன்படுத்துங்கள்.

இணைப்பாக ஒரு சான்றுக் கடிதம் கேட்பார்கள். முழுப் பரிசோதனை அறிக்கையைக் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் குழந்தைப் பருவமும் குடும்ப விவரமும் அதில் இருக்கும். மருத்துவரிடமோ ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடமோ (அன்றாட வேலைகளைச் சமாளிக்க வழிகாட்டும் நிபுணர்) "பாதிப்பும் தேவையான மாற்றமும்" மட்டும் உள்ள ஒரு பக்கக் கடிதத்தைத் தனியாகக் கேளுங்கள். சந்திப்புக்கு ஒரு கட்டணம், எழுத்து அறிக்கைக்கு வேறு கட்டணம் என்பது சகஜம். நேரம் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். நான் கேட்காமல் போய் இரண்டு முறை கட்டினேன். எழுதித் தர வாரக்கணக்கில் ஆகலாம். தேர்வுக்கான மாற்றங்களுக்கு விண்ணப்பிக்கக் கடைசித் தேதி, தேர்வுக்கு வெகு முன்பே முடிந்துவிடும்.

வாய்வழியாக ஒப்புக்கொண்டால் அன்றே "இன்று பேசியபடி" என்று தொடங்கி ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். மேலாளர் மாறும்போது அந்த மின்னஞ்சல்தான் உங்களைக் காப்பாற்றும்.

11. சிகிச்சைக்குப் பணம் கட்டும் முன்

ஆக்குபேஷனல் தெரபி எனக்கு உதவியது, முக்கியமாக உடை விஷயத்திலும் அன்றன்றைய வேலைகளை அடுக்குவதிலும். சேரும் முன் இதையெல்லாம் கேளுங்கள்: குறிக்கோள் என்ன, பலனை எப்படி அளப்பீர்கள், எத்தனை அமர்வுக்குப் பிறகு பலன் இல்லை என்றால் நிறுத்தலாம்? பதில் மழுப்பலாக இருந்தால் வெளியே வந்துவிடுங்கள். ஆறு மாதக் கட்டணத்தை மொத்தமாகக் கேட்பவர், குணமாக்கிவிடுவேன் என்பவர், காதைப் பொத்தும் குழந்தையின் கையை விலக்கிப் "பழக்குகிறேன்" என்பவர், இந்த மூன்று பேரிடமும் போகாதீர்கள். வடிகட்டிய இசையைக் கேட்க வைத்துக் காதைப் பழக்கும் பயிற்சிகளுக்கு ஆதாரம் தேறவில்லை; விலை மட்டும் தேறியிருக்கிறது.

12. ஆறு மாதம் கழித்து மறுபடி நோட்டு

கூச்சங்கள் இடம் மாறும். வேலை, வீடு, வயது, மருந்து எது மாறினாலும் பட்டியலும் மாறும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி இரண்டு வாரம் எழுதுகிறேன். போன முறை எழுதியதில், துணியைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. பக்கத்து அறையில் ஓடும் டிவி நாலு இடத்தில் வந்திருந்தது. கதவின் அடி இடுக்குக்கு ஒரு ரப்பர் பட்டை வாங்கி ஒட்டியிருக்கிறேன். இன்று ஒன்பதாவது நாள்.